அதிநீர்த்த அமிலத்தின் சுபாவம் குறித்து ஒரு விசாரணை

கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், பீர் வடிக்கும் தொழிலுக்கு அனுசரணையாக நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சென் என்னும் ரசாயன அறிஞர் 1909-ஆம் ஆண்டில் பி.எச். என்ற அளவுகோலை உலகுக்கு வழங்கியபோது, பிற்காலத்து மாணாக்கர் அதைக்கொண்டு அமிலத்தையே காரமாக்கிக் காட்டுவர் என்று சொப்பனத்திலும் எண்ணியிருக்க மாட்டார்.

லிட்டருக்கு 10⁻⁸ மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். யாது என்பதே வினா. கடையில் விற்கும் அடர் அமிலத்தில் ஏறத்தாழ 83 மில்லிலிட்டரை, மாசற்ற நீர் 10 கோடி லிட்டர் கொள்ளும் ஏரியில் கொட்டிக் கலக்கினால் இச்செறிவு கிட்டும். கலக்குவது யார் என்பதைப் பற்றிப் பாடநூல்கள் மௌனம் சாதிக்கின்றன.

இவ்விஷயத்தில் கற்றோர் மூன்று மதத்தினராவர். முதல் மதத்தார் எட்டுவாதிகள். மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் 8 வருகிறது, ஆகவே விடை 8 என்பது அவர்கள் கட்சி. ஏழுக்கு மேற்பட்டது காரமாயிற்றே, அமிலத்தை விட்டதனால் நீர் காரமாவது எந்த சாஸ்திரத்தில் கண்டது என்று வினவினால், சூத்திரத்தைச் சுட்டிவிட்டுச் சும்மா இருப்பர்.

கூட்டல்வாதிகள் சற்று விவேகிகள். 25 டிகிரி செல்சியஸில் நீரும் தன் பங்காக 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனி தருவதை அறிந்து, இரண்டையும் கூட்டி 6.96 என்பர். ஆனால் ஹைட்ரஜன், ஹைட்ராக்சைல் அயனிச் செறிவுகளின் பெருக்கம் 10⁻¹⁴ என்ற நியதி தவறலாகாது. ஆதலால், விருந்தினர் காய்கறியோடு வந்ததைக் கண்டு வீட்டுக்காரர் சந்தைப் பையைச் சுருட்டி வைப்பதுபோல, நீர் தன் பங்கை 9.5 × 10⁻⁸ ஆகக் குறைத்துக்கொள்கிறது. இதைக் கணக்கில் கொண்டு இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சித்தாந்திகள் 6.98 என்கின்றனர். வித்தியாசம் நூற்றில் இரண்டு பங்குதான். மதபேதத்துக்கு அது தாராளமாகப் போதும்.

சித்தாந்திகளுக்கு ஒரு சன்மானமும் உண்டு. அமிலச் செறிவைச் சரியாக 10⁻⁷ ஆக வைத்து அதே சமன்பாட்டைத் தீர்த்தால் 1.618 × 10⁻⁷ கிடைக்கிறது. ரேகாகணிதக்காரர் பொன்விகிதம் என்று போற்றும் எண், தண்ணீர்க் குடுவையில் அகப்படுவதை வேறெங்கே காண்போம்!

இவ்வளவும் காகிதத்தின் மேல். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், திறந்து வைத்த வாலைவடிநீரே 5.6 என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதில் உள்ள ஹைட்ரஜன் அயனி, நம் அமிலம் கொணர்ந்ததைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு. ஆகவே மும்மதத்தாரும் குடுவையைச் சூழ்ந்து நின்று வாதிக்கும் நேரமெல்லாம், அவர்கள் விடும் மூச்சே அதன் புளிப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்.