‘நீ யார் மவன்?’

அந்தக் காலத்து சலூன்களை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு, கண்ணாடிக்கு மேலே, நடிகர் படத்துக்கும் ஊதுவத்தி ஸ்டாண்டுக்கும் நடுவே, ‘தயவுசெய்து அரசியல் பேசாதீர்கள்’ என்று தொங்கிய அட்டையும் ஞாபகம் இருக்கும். அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் அரசியல் படித்தோம். எழுபதுகளில் திருநெல்வேலியில் மீசை முளைத்த என் போன்றவர்களுக்கு சலூன் பெஞ்சுதான் சட்டசபை. ஒரே தினத்தந்தி நாலு தாளாகப் பிரிந்து நாலு கையில் இருக்கும். முதல் பக்கத்தை வைத்திருப்பவர் ஆளுங்கட்சி மாதிரி மிதப்பாக இருப்பார், வரி விளம்பரப் பக்கம் சிக்கியவர் எதிர்க்கட்சி மாதிரி எரிச்சலில் இருப்பார். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே கடைக்காரர் யார் பக்கமும் சாயாமல் ‘உம்’ கொட்டுவார். கத்தி கழுத்தில் இருக்கும்போது எப்பேர்ப்பட்ட கொள்கை வீரரும் தணிந்துதான் பேசுவார் என்பதை அங்கேதான் பார்த்தேன். இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருக்கும் மருமகப்பிள்ளை, சலூன் அட்டையின் அதே வாசகத்தை அவ்வப்போது எடுத்துப் போடுகிறார். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கத்தியும் பக்கத்தில் இல்லை, ஆகவே பேச்சு தணிவதாக இல்லை. சித்தப்பா மகன் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறுவதும், பொங்கலுக்கு அவனை மறுபடி சேர்ப்பதும் எங்கள் வீட்டில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் ஒரு பொதுக்கூட்டம் என்றால் சாயங்காலமே ஊரில் ஒரு மணம் வந்துவிடும்; பாதி வறுத்த கடலை மணம், மீதி போஸ்டர் ஒட்டிய பசை மணம். தலைவர் எட்டு மணிக்கு வருவதாக நோட்டீஸில் போட்டிருந்தால் எட்டரைக்கு மேடையில் இருப்பவர், “தலைவர் கயத்தாறைத் தாண்டிவிட்டார்” என்பார். பத்து மணிக்கு, “கங்கைகொண்டானைத் தாண்டிவிட்டார்.” பதினொன்றரைக்கு, “தாழையூத்து வந்துவிட்டார்.” ஒரு தலைவருக்காக நெடுஞ்சாலை ஊர்களின் பெயர்களை வரிசை தவறாமல் மனப்பாடம் செய்த தலைமுறை எங்களுடையது. நள்ளிரவு தாண்டி அவர் வந்து, கரகரத்த குரலில் பேச ஆரம்பித்ததும் தூங்கி விழுந்த கூட்டம் எழுந்து உட்காரும் பாருங்கள், அந்த நிமிஷத்தில் அடுத்த பொங்கலுக்குள் தமிழ்நாட்டில் ஏழையே இருக்க மாட்டான் என்று நான் மனதார நம்பியிருக்கிறேன். இப்போது இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும். குழந்தைகள் தூங்குகிறார்கள், நோயாளிகள் தூங்குகிறார்கள், நியாயமான சட்டம்தான். தலைவர் எங்கே வருகிறார் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்; ஆகவே காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்காததால் அவர் வந்ததும் பெரிதாக எதுவும் தோன்றுவதும் இல்லை.

ஓட்டுப் போடவும் எங்களுக்கு 21 வயது ஆக வேண்டியிருந்தது. 18 என்று ஆக்கியது 1989-இல். 1977-இல் மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கும் ஜூனில் சட்டசபைக்குமாகத் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து இரண்டு தேர்தல் வந்தது. முதல் ஓட்டின் மை விரலில் மங்குவதற்குள் அடுத்த மை. அட்டை மறைப்புக்குள் போய், சீட்டில் முத்திரை குத்தி, ஈரம் மற்ற சின்னத்தில் படாமல் பக்குவமாக மடித்துப் பெட்டியில் போடுவதற்கு ஒரு கைத்திறன் வேண்டும். வெளியே வந்ததும் பூத் ஏஜென்ட் நம் முகத்தைப் பார்ப்பார். யாருக்குப் போட்டோம் என்று முகத்திலேயே படித்துவிடுவார். அன்றைக்கு ரகசிய வாக்கெடுப்பு என்பது கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு நடப்பது. சீட்டு முறை என்ன பாடு படும் என்பதை 1996-இல் மொடக்குறிச்சி காட்டியது. கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப்போட, ஒரே தொகுதிக்கு 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. அதற்கு அரசாங்கம் கண்ட மருந்து, 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. விவசாயியின் குரலைக் கேட்பதைவிட அதற்கு விலை வைப்பது சுலபம் என்று அன்றைக்கு நான் எரிச்சலோடு சொன்னேன், இன்றைக்கும் அதே அபிப்பிராயம்தான். 2001-இல் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்துவிட்டது. அதை வடிவமைத்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனக் குழுவில் நம் எழுத்தாளர் சுஜாதா இருந்தார் என்பதில் வாசகர்களுக்கு ஒரு உறவுமுறைப் பெருமை. இப்போது பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி நின்றுவிட்டு விழுகிறது. பூத் ஏஜென்ட் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் போனைப் பார்க்கிறார்.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குத் தெரிந்த சட்டம் மொத்தமே மூன்று: சைக்கிளுக்கு வரி கட்டி நகராட்சி வில்லையை மாட்டியிருக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் விளக்கு எரிய வேண்டும், பின்னால் ஆளை ஏற்றக் கூடாது. மூன்றையும் ஒரே நேரத்தில் மீறுவதற்குப் பெயர் இளமை. டைனமோ வைத்திருந்தவன் பணக்காரன். டயரில் உரசி அது ரீங்காரமிட, வேகமாக மிதித்தால் வெளிச்சம் பாலாக ஊற்றும், மேட்டில் ஏறினால் மஞ்சளாகச் செத்துவிடும். நம் கால் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவுதான் நமக்கு வழி தெரியும். டைனமோ இல்லாதவன் பேட்டரி லைட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டுவான். அதுவும் இல்லாத என் போன்றவர்களுக்கு ஒரே வழி, ஏட்டையாவின் தொப்பி தெரிந்ததும் இறங்கித் தள்ளுவது. தள்ளிக்கொண்டு போவது குற்றம் இல்லை. சற்றுத் தள்ளிப் போய் மறுபடி ஏறினால், அது தெரிந்தே அங்கே இன்னொரு ஏட்டையா நிற்பார்.

1973-இல் கட்டிய ஈரடுக்கு மேம்பாலம் அப்போது புதுசு. மேல்தட்டில் பஸ்ஸும் லாரியும், கீழ்த்தட்டில் நாங்கள். ஒரு நாள் இருட்டில் கீழே இறங்கி வரும்போது, விளக்கு இல்லை, பின்னால் என் நண்பன் உட்கார்ந்திருக்கிறான், ஹேண்டில்பாரை ஒரு கை பிடித்து நிறுத்தியது. பேச்சே இல்லை; முதலில் குனிந்து வால்டியூப்பைப் பிடுங்கினார். காற்று ‘உஸ்’ என்று இறங்கி முடிந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீ யார் மவன்?”

சொன்னேன். “வாத்தியார் மவனா? படிக்கிற புள்ள இப்பிடிச் செய்யலாமா? ஐயாகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு” என்று பிடுங்கினதை என் கையிலேயே கொடுத்துவிட்டார். பிறகு நண்பனைப் பார்த்து அதே கேள்வி. ஊருக்கு வெளியே இருக்கிற தன் தெருவின் பெயரை அவன் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது. சைக்கிள் என்னுடையது. மிதித்தவன் நான். விளக்கு வாங்காதவனும் நான்தான். இருவரும் தள்ளிக்கொண்டே சைக்கிள் கடைக்குப் போனோம், கடைக்காரர் காற்றடித்துக்கொண்டே, “ஏட்டையா இன்னைக்குப் பாலத்தடியிலயா நிக்காரு?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே சலூன் பெஞ்சில் சமூகநீதி பற்றி நான் ஆற்றிய உரை ரொம்பப் பிரமாதம் என்று நாலு பேர் சொன்னார்கள். நண்பன் அன்றைக்கு முடிவெட்ட வந்திருக்கவில்லை. அவனுக்கு அந்த சலூனில் முடி வெட்ட மாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே சில வருஷம் பிடித்தது.

அண்மையில் என் பேரன் என் ஸ்கூட்டரை ஹெல்மெட் இல்லாமல் எடுத்துப் போய்விட்டான். சிக்னலில் யாரும் அவனை நிறுத்தவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 1,000 ரூபாய். தொட்டுப் பார்த்தால் ஸ்கூட்டரின் பின்பக்கமும், பேரனின் சுருட்டை முடியும் கல்யாண ஆல்பம் போலத் தெளிவாக இருக்கின்றன. கெஞ்சுவதற்கு ஒரு ஆள் இல்லை. ‘ஐயாவைத் தெரியுமே’ என்று சொல்ல ஒரு முகம் இல்லை. இப்போதும் வாரம் தவறாமல் சந்திக்கிற அதே நண்பனிடம், மனுஷ முகமே இல்லாத அரசாங்கமாகிவிட்டதே என்று புலம்பினேன். அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: “லே, காமிரா யார் மவன்னு கேக்காதுல்லா. அது போதும் எனக்கு.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் காமிராவையே முழுக்க நம்பவும் மனசு வரவில்லை. 2020 ஜூனில் எங்கள் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில், சாத்தான்குளத்தில், ஊரடங்கில் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துப்போன தகப்பனும் மகனும் பிணமாகத்தான் திரும்பினார்கள். நிலையத்தில் காமிரா இருந்தது. பதிவுகள் அன்றன்று தானாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். காமிரா மறந்ததை, அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அவரிடம் வாக்குமூலமாகச் சொன்னார். அந்த ஆண்டே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வைத்து, பதிவை மாதக்கணக்கில் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. அந்தப் பெண்மணியைப் போன்றவர்களை எந்த உத்தரவு போட்டு நியமிப்பது என்றுதான் தெரியவில்லை.

கோர்ட்டு விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கோர்ட்டு சுருக்கமாக இல்லாவிட்டாலும். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரு முடுக்கு. ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலம். அது யாருடையது என்று முன்சீப் கோர்ட்டில் வழக்கு. வாய்தா நாளில் வாதியான அப்பாவும் பிரதிவாதியான பெரியப்பாவும் ஒரே டவுன் பஸ்ஸில் போவார்கள். “அண்ணாச்சி, நீங்க உக்காருங்க” என்று அப்பா எழுந்து இடம் கொடுப்பார். வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர்கள் படபடக்க, கார்பன் தாள் மை ஒட்டிய விரல்களோடு குமாஸ்தாக்கள் ஓட, டவாலி வெளியே வந்து பெயரை மூன்று முறை கூவுவார். உள்ளே போனால் அடுத்த தேதி. வெளியே வந்தால் இருவருக்கும் ஓட்டலில் ரவா தோசை. யார் காசு கொடுப்பது என்பதில் மட்டும் அங்கே தகராறு நடக்கும். அப்பீல் என்றால் மெட்ராஸ்தான்; நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய் ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வர வேண்டும். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது 2004 ஜூலையில். அதற்குள் எங்கள் வழக்கும் முடிந்திருந்தது, வாதியும் பிரதிவாதியும் முடிந்திருந்தார்கள். இரண்டு வீட்டையும் வாங்கியவர் இடித்து ஒன்றாகக் கட்டிவிட்டதால் முடுக்கே இப்போது கிடையாது.

இன்றைக்கு ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு அடையாளம் உண்டு. போனில் அடித்தால் அடுத்த வாய்தா வந்து நிற்கும். கீழ் கோர்ட்டுகளில் நாலு கோடி வழக்குகளுக்கு மேல் கிடக்கின்றன என்பதும் அதே போனில் தெரியும். தேதி தெரிகிற வேகம் கூடியிருக்கிறது, தேதி கிட்டத்தில் வரவில்லை. 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தைக் கூட 2024 ஜூலை 1 முதல் மாற்றி, 420 என்றிருந்த மோசடியை 318 ஆக்கிவிட்டார்கள். மோசடிக்காரர்கள் அதற்கெல்லாம் முந்தியே நம்பரை மாற்றிவிட்டார்கள். அவர்கள் இப்போது வீடியோ காலில் வருகிறார்கள்.

எங்கள் அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். சின்ன வயசில் காக்கியைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கிய எங்கள் தலைமுறை ஆள். அவருக்கு ஒரு காலையில் போனில் முழுச் சீருடையில் ஒருவன் தோன்றி, மும்பையிலிருந்து அவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் போயிருப்பதாகவும், அவர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்யப்பட்டிருப்பதாகவும், போன் முன்னாலிருந்து எழுந்திருக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டான். மனுஷர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பேங்க் பாஸ்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். தோசைத் திருப்பியோடு வந்த அவர் சம்சாரம் திரைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். “ஏய்யா, இவுக ரிட்டயர்டு ஆனதுலேருந்து தெரு முக்கைத் தாண்டல, பம்பாய்ல போயி எங்க பார்சல் அனுப்புனாக? நீ எந்த ஸ்டேசன்? ஒங்க இன்ஸ்பெக்டர் பேரு என்ன? மொதல்ல அதைச் சொல்லு, நீ யார் மவன்?” சீருடைக்காரன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

உங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு வரக்கூடும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. எந்தப் போலீசும் எந்தக் கோர்ட்டும் போனில் ஆளைக் கைது செய்து பணம் கேட்பதில்லை. போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் பெரியவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் இன்றைக்கே ஒட்டி வையுங்கள்.