சாவி மாடக்குழியில் இருக்கு

ஆடிச் சாரலில் சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும், செங்கோட்டை வழியாகக் கேரளத்துக் கார்கள் சுந்தரபாண்டியபுரத்துக்கு வரிசையாக வந்துவிடும். இறங்கியதும் ஆளுக்கொரு பூவைக் கன்னத்தோடு சேர்த்துப் படம் எடுப்பார்கள். திரும்பும்போது நாலு வரிசைச் செடி மிதிபட்டுக் கிடக்கும். அதனால் எங்கள் சித்தப்பா வருஷம் தவறாமல் உடைமுள் வெட்டி வயல் கடவை அடைத்துவிட்டு, கூடவே ஒரு நாயையும் கட்டிவைப்பார். அந்த நாய்க்கு மலையாளமும் புரியும் என்பது அவர் கட்சி.

அதே சித்தப்பா வீட்டுத் தார்சாவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு முள்ளும் கிடையாது, நாயும் கிடையாது.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்தவரை வாசலோடு அனுப்பும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. பிறகு கம்ப்யூட்டருக்குள் வருகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான்? சொந்தக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பத்து வருஷமாகப் பழுது பார்க்கிறவன் நான் (கூலி ஒரு காபி, கொஞ்சம் முறுக்கு). அதில் கற்ற விருந்தோம்பல் முறைகளை இங்கே தருகிறேன். விருந்தாளியே வேண்டாம் என்கிற கஞ்சர்களும் சிலர் உண்டு. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் ஓரமாகச் சொல்லிவிடுகிறேன், எச்சரிக்கையாக இருப்பதற்காக.

முதலில் பாஸ்வேர்டு. வீட்டைப் பூட்டினால் சாவியை மாடக்குழியில் வைப்பதுதானே வழக்கம், பாஸ்வேர்டையும் அப்படியே வைக்க வேண்டும். மகன் பெயரும் பிறந்த வருஷமும் போதும். பைக் நம்பர் என்றால் இன்னும் விசேஷம், மறந்துபோனால் வாசலை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பேங்க், மெயில், கரண்ட் பில், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே. அப்புறம் அதை எழுதிவைக்க வேண்டும். சித்தப்பா முதலில் தினசரிக் காலண்டரில் எழுதினார். மறுநாள் காலையில் சித்தி வழக்கம்போலத் தாளைக் கிழித்து, வடையின் எண்ணெயை ஒற்றி எறிந்துவிட்டாள். இரண்டாம் முறை புத்தியாக, முருகன் படம் போட்ட அட்டையிலேயே எழுதினார். இப்போது பால்காரரும் கேபிள்காரரும் முருகனைக் கும்பிடும்போது பாஸ்வேர்டையும் சேவித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கஞ்சர்கள் எழுதியே வைக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பார்த்தால் அவர்களும் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்பில் பேர்போன புரூஸ் ஷ்னையர் 2005-லேயே, கடினமான பாஸ்வேர்டாக வைத்து அதைத் தாளில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நியாயம்தான். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற திருடனுக்கு நம் வீட்டு பீரோ வரை கை நீளாது. எண் வேண்டும், நட்சத்திரக்குறி வேண்டும், 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நம்மைப் படுத்துகிறார்களே, அந்தப் படுத்தலுக்கு மூலவர் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் இருந்த பில் பர். 2003-ல் அவர் எழுதிய குறிப்பு உலகம் முழுக்கப் பரவியது. 2017-ல், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு, தான் சொன்னதில் பெரும்பகுதிக்கு இப்போது வருத்தப்படுவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அந்த நிறுவனமும் அதே வருஷம் விதியைத் திருத்தியது: நீளமாக இருந்தால் போதும், வெளியே கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும். ஆகவே கஞ்சர்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு சொல்லைக் கோத்துவிடுகிறார்கள். பனங்கிழங்கு, ரயில், அத்தை, தாழ்ப்பாள் என்கிற மாதிரி. பேங்குக்கு ஒன்று, மெயிலுக்கு வேறொன்று. அதற்கு மேல் மொபைலுக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். அதிலும் மெயிலுக்குத்தான் முதலில். மெயில் போனால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று சொல்லியே மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் இல்லையா?

அடுத்தது அப்டேட். திரையின் மூலையில் கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்துங்கள். 2011-ல் தமிழக அரசு பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதல்லவா, அந்தக் காலத்து லேப்டாப் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் ஓடுகிறது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள், லேப்டாப் தாத்தாக்களிடம் தங்கிவிட்டது. உள்ளே விண்டோஸ் 7. அதற்கு ஒட்டுப்போடுவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் காலக்கெடு முடிந்தது. 'பிறகு' அழுத்துவதன் பலன் தெரிய வேண்டுமானால் 2017-ஐப் பாருங்கள். மார்ச் மாதமே ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தாயிற்று. மே 12 அன்று வான்னாக்ரை என்கிற பணம்பறிக்கும் நிரல் வந்தபோது, இடைப்பட்ட இரண்டு மாதமும் அதைப் போடாமல் இருந்த கம்ப்யூட்டர்களின் கோப்புகள் பூட்டிக்கொண்டன. அதை ஏவினவன் திறக்க 300 டாலர் கேட்டான். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. கஞ்சர்களோ ஆனி பிறக்கும் முன்பே ஓடு மாற்றுகிற ஆட்கள், சாரலை ரசிக்கத் தெரியாதவர்கள்.

இனி தொலைபேசி விருந்தாளி. இதில் சித்தப்பாவுக்கு நேரடி அனுபவம் உண்டு. ஒரு நாள் மத்தியானம், ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி ஒருத்தன் பேசினான். "சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நாங்க இங்கேருந்தே சரி பண்றோம்." தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற செயலி ஒன்றைப் போடச் சொன்னான். சித்தப்பா போட்டார். திரையில் வந்த எண்ணைக் கேட்டான். சித்தப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். (இந்த மாதிரிச் செயலி வழியாகப் பணம் போகிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. அந்தத் தகவல் எங்கள் தார்சா வரை வந்து சேரவில்லை.) மவுஸ் தானாக ஓட ஆரம்பித்தது. "ஏட்டி, இங்க வந்து பாரு, தொடாமலே ஓடுது!" என்று சித்தியைக் கூப்பிட்டார். அவன் பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொன்ன நேரத்தில் சாரல் காற்றில் எங்கோ ஒரு தென்னை மட்டை கம்பி மேல் விழுந்து கரண்டு போயிற்று. கரண்டு போனதற்காகச் சித்தப்பா சந்தோஷப்பட வேண்டியிருந்த ஒரே நாள் அதுதான். ஆனால் அன்றைக்கும் வையத்தான் செய்தார்.

மறுநாள் அவன் மறுபடி கூப்பிட்டான். சித்தி எடுத்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"மேடம், டெக்னிக்கல் டிபார்ட்மெண்ட்லேருந்து..."

"அது கெடக்கட்டும். சொந்த ஊரு எது? அப்பா என்ன பண்ணுதாரு?"

"மேடம், வைரஸ் வந்திருக்கு, அர்ஜண்ட்."

"வந்தது எங்க போயிரப் போவுது. சாப்பிட்டியா? கல்யாணம் ஆயிட்டா?"

கால் மணி நேரம் போனது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் சித்தி ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டாள். கடைசியில் அவனே போனை வைத்துவிட்டான். காசு கொடுத்து வாங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளில் இந்த வசதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நம் வழிகாட்டியின்படி, போனில் பேசுகிறவரிடம் ஊர் பேர் கேட்பது மரியாதைக் குறைவு. போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து 'டிஜிட்டல் கைது' என்றால் உடனே பயந்துவிட வேண்டும். அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் சொன்னார். இருக்கட்டும், எதிரில் இருக்கிறவர் தொப்பி வேறு போட்டிருக்கிறாரே. "இன்று இரவு கரண்ட் கட்" என்று வரும் குறுஞ்செய்தியில் இருக்கிற சுட்டியையும் தட்டிவிட வேண்டும். கஞ்சர்கள் அதைத் தொடாமல், தாங்களே முகவரியை அடித்துப் போகிறார்கள். பேங்க் என்றால் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று வேறு பார்க்கிறார்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதாம்.

பென்டிரைவை மறந்துவிடக் கூடாது. கல்யாண வீடியோ, கோயில் கொடை பாட்டு என்று தெரு முழுக்கச் சுற்றி வந்ததை அப்படியே செருகுங்கள். பேங்க் வேலை பார்க்கும் அதே கம்ப்யூட்டர் கணக்கில் பேரன் எங்கெங்கிருந்தோ இறக்கிய விளையாட்டையும் ஆட விடுங்கள். கஞ்சர்கள் அங்கேயும் தனித்தனி மடை வைக்கிறார்கள். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்ததைச் சொல்லிக் காட்டுவார்கள். டிடிராக் என்கிற உளவு நிரல் உள்ளே வந்துவிட்டது என்று செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று அப்படி எதுவும் இல்லை என்று நிலையம் மறுத்தது. மறுநாளே, ஆமாம், நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்த்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியாகப் பிரிந்து கிடந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. அப்போது நாங்களும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். 23 நாள் கழித்து, நவம்பர் 22-ல், தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தேதியைச் சொன்னால் டீக்கடையில் சம்பந்தம் வந்துவிடும்.

அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு இது பெரிய அதிர்ச்சி. எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று மூன்று வீடு தள்ளி இருப்பவருக்கும் தெரிகிற ஊர் இது. முகம் காட்டுவதும் எங்களுக்குப் புதிதல்ல. 1992-ல் வந்த 'ரோஜா'வுக்காக இங்கே படம் எடுத்தார்கள். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்துக்காகப் பக்கத்துப் பாறையில் நடிகர்களின் முகங்களையே வரைந்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மூன்றாம் வீட்டுப் பெரியம்மாவுக்கு என் வீட்டுச் சங்கதி எவ்வளவு தெரியுமோ, அவர் வீட்டுச் சங்கதி எனக்கும் அவ்வளவு தெரியும். கணக்கு சரியாகிவிடும். இணையத்தில் குக்கர் விலை ஒரே ஒருமுறை பார்த்ததற்காக ஒரு மாதம் குக்கராகவே காட்டுகிறானே விளம்பரக்காரன், அவன் வீட்டுக் குழம்பு என்னவென்று எனக்குத் தெரியாது.

ஆகையால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும்போது, "குடும்பத்தோடு ஐந்தருவியில், திரும்ப ராத்திரி ஆகும்" என்று படத்தோடு போட்டுவிடுங்கள். ஆதாரை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லாமல் வந்துவிடுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் முகப்பைப் பார்த்திருக்கிறீர்களா? பாதித் தாலுகாவின் ஆதாரும் பான் கார்டும் அங்கேதான் வரிசையாகப் படுத்திருக்கும். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் இலவசமாகக் கிடைக்கிறது, அதைத்தான் கஞ்சர்கள் நீட்டுகிறார்கள். தென்காசிக்கு அந்தப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோகாரர்கள் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். கண்காணிப்பைத் தடுக்கிறோம் என்று 2023-ல் 'உலா' என்று ஒரு பிரவுசரையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. இந்தப் பக்கம் நாங்கள் காலண்டர் அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வைஃபைக்கு வாங்கும்போது வந்த பாஸ்வேர்டே இருக்கட்டும். கஞ்சர்கள் விதைநெல்லைத் தனியாக எடுத்துவைப்பதுபோலப் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு டிஸ்க்கில் போட்டு, வயரைக் கழற்றி பீரோவில் வைக்கிறார்கள். உங்களுக்கு எதற்கு அந்த வேலை?

எல்லாம் முறைப்படி செய்தும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு ஒரு வாரம் யாரிடமும் சொல்லாதீர்கள். நல்ல நாள் பார்த்து, செவ்வாய்க்கிழமை தவிர்த்துப் புகார் கொடுக்கலாம். கஞ்சர்கள் உடனே 1930-க்குப் போன் போடுகிறார்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் வங்கியில் அதை முடக்கிவிட முடியுமாம்.

போன ஆடியில் நானே உட்கார்ந்து சித்தப்பாவின் கம்ப்யூட்டரைக் கஞ்சர் முறைக்கு மாற்றினேன். அப்டேட் போட்டேன், பேரனுக்குத் தனிக் கணக்கு வைத்தேன், முருகன் அட்டையைப் புரட்டி மாட்டினேன். நாலு சொல்லில் புதுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சித்தப்பாவுக்கு அந்த நாலு சொல்லும் ரொம்பப் பிடித்துவிட்டது. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னடே, ஒங்க சித்தப்பா பாஸ்வேர்டு அவ்வளவு பலமாமே, யாராலயும் கண்டுபிடிக்க முடியாதாமே. எல்லாஞ் சரி, நடுவுல அத்தைய எதுக்குப் போட்ட?"