வேன் கட்டிலின் இலக்கணம்

பழங்கடாரமாகிய கெடாவில், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிற்சாலை ஆட்களையும் ஏற்றி ஓய்ந்த பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் கட்டில் போட்டு ஊர் சுற்றும் கலையை 'வேன்துயில்' எனலாம். இதன் மூதாதை கூண்டு வண்டியே என்பதில் ஐயமில்லை. வைக்கோல் போய் மெத்தை வந்தது, மாடு போய்ச் சாலை வரி வந்தது.

கட்டிலின் அளவைத் தீர்மானிப்பது உடலன்று, பலகைக் கடையே. பிளைவுட் எனும் ஒட்டுப்பலகை எட்டடிக்கு நாலடியாக விற்கப்படுவதால், ஆறடியில் அறுத்தால் கட்டிலும், மிஞ்சிய துண்டில் அடுப்பு வைக்கும் மேசையும் கிடைக்கின்றன. கால்களுக்குப் பால்மரக் கட்டை, அதாவது கால் நூற்றாண்டுக்கு மேல் பால் கொடுத்தபின் வெட்டப்படும் ரப்பர் மரம், மருந்தேற்றி உலர்த்தப்பட்டால் மட்டுமே பூச்சி அரிக்காமல் நிற்கும். தாத்தாவை விடியுமுன் எழுப்பிய மரம் பேரனை விடிந்த பின்னும் தூங்கவிடுவது வரலாற்றின் குறும்பு.

படுக்கும் திசை நுட்பமான சிக்கல். நிசான் வேனெட்டில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால், நெடுந்தூரம் ஓடி நின்ற வேனில் முன்பக்கம் தலைவைப்பவர் சூட்டில் புழுங்குவார். எனவே தலை பின்பக்கம் இருத்தல் வேண்டும். ஆனால் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் சரிவில் நிறுத்தினால் தலை மேட்டுப் பக்கம் இருந்தாக வேண்டும், இல்லையேல் இரத்தம் உச்சிக்கு இறங்கும். இவ்விரு விதிகளையும் ஒருங்கே காக்க, வேனின் பின்புறம் மேட்டை நோக்குமாறு நிறுத்துவதன்றி வேறு வழி இல்லை.

ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியின்றி வாகனத்தின் அமைப்பை நிலையாக மாற்றலாகாது என்பதால், 'கழற்றுவாதிகள்' எனத்தக்க ஒரு சாரார் ஆணி எதையும் வேனில் அறைவதில்லை. அவர்களுடைய கட்டில், கேட்பவர் யார் என்பதற்கேற்பப் பலகையாகவும் சாமானாகவும் மாறும் தன்மையது.

பெரும்போர் உயரத்தைப் பற்றியது. உள்ளுயரம் ஏறத்தாழ நாலடி, உட்கார்ந்த மனிதன் மூன்றடி, ஆக மெத்தை உட்படக் கட்டிலுக்கு மிஞ்சுவது ஒரே அடி. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக்குப் புறப்படும் குடும்பத்திலோ, பால்குடம், சோற்றுப் பானை, ஐஸ் பெட்டி, தேங்காய் மூட்டை ஆகியவை கட்டிலுக்கு அடியில்தான் போயாக வேண்டும் என அம்மா தீர்ப்புச் சொல்லிவிடுவதால், கால்கள் மேலும் அரை அடி உயர்ந்து, அதன்பின் அவ்வேனில் எவரும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

கொள்ளளவைப் பொறுத்தவரை, நாலடிக் கட்டில் இருவருக்கானது என்பது ஏட்டுக் கணக்கு. தைப்பூச இரவில் பாட்டியும் மூன்று பேரப்பிள்ளைகளும் ஏறிக்கொண்ட பிறகு, கட்டிலைச் செய்தவருக்கு எஞ்சுவது, அடியில் இன்னும் ஆறாத எஞ்சினோடு கூடிய ஓட்டுநர் இருக்கையே. அது சாயுமா என்பது வேனின் வயதைப் பொறுத்தது.