எழுபத்திரண்டில் ஒரு பங்கு வீரம்

பிரித்தானிய விமானப்படையின் 22ஆவது ஸ்குவாட்ரன் லேசுப்பட்ட கூட்டமில்லை. 1941 ஏப்ரலில் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்துக்குள் ஒற்றை பியூஃபோர்ட் பிளேனில் புகுந்து, ஜெர்மன்காரரின் க்னைஸனாவ் போர்க்கப்பலுக்கு டோர்பிடோ அடித்தது அந்த அணிதான். போன நாலு பேரும் திரும்பவில்லை. விமானி கென்னத் காம்பெலுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மகாவீரர் அணியை 1943இல் எங்கே கொண்டுவந்து இருத்தினார்கள் தெரியுமோ? வவுனியாவில்!

டோர்பிடோ என்பது தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கப்பலின் வயிற்றில் முட்டி வெடிக்கிற சாமான். அதற்குக் கப்பல் வேண்டும், கப்பலுக்குக் கடல் வேண்டும். வவுனியாவில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் தெரிவது காடு, வயல், குளம். கொஞ்சம் வடக்கே வந்து எங்கள் கனகராயன்குளத்தில் ஒரு டோர்பிடோவைப் போட்டிருந்தால், நாலு விரால் செத்திருக்கும். அவ்வளவுதான் சேதம்.

வெள்ளைக்காரனை ஒரேயடியாக நக்கல் அடிக்கவும் கூடாது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் வந்து சாத்திவிட்டுப் போயிருந்தான். மறுபடி வருவான், கரையில் நிறுத்தினால் கண்டுபிடிப்பான், ஆகவே காட்டுக்குள் ஒளித்து வைப்போம் என்று யோசித்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று, அந்த ஜூன் மாதமே மிட்வேயில் கடலுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டன. நம்ம ஆட்கள் 1943இல் வன்னிக் காட்டுக்குள் குந்தியிருந்து எதிர்பார்த்தது, ஏற்கெனவே கரணம் அடித்து முடித்த கப்பல்களை!

ஆகவே அந்த அணிக்கு மிஞ்சிய வேலை: கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போவது, நீர்மூழ்கி தெரிகிறதா என்று ரோந்து பார்ப்பது, நுளம்பு அடிப்பது. பியூஃபோர்ட் பிரபு ஒருவரின் பரம்பரை மாளிகை பிரிஸ்டல் கம்பனிக்குக் கிட்ட இருந்ததால் அந்தப் பிளேனுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பிரபுவின் மானம் வவுனியாத் தூசிக்குள் வரிசையாக நிறுத்திக் கிடந்தது.

இந்தப் பிளேனின் பிளாஸ்டிக் மொடலைத்தான் இன்றைக்கு இங்கிலாந்திலும் ஜப்பானிலும் வயதுவந்த ஆண்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குறட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏர்ஃபிக்ஸ் கம்பனி 2021இல் புதிதாக ஒரு பியூஃபோர்ட் கிட் விட்டது. 1/72 அளவு. ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிற கணக்கு.

ஒட்டுகிறவருக்கு உள்ள மிகப்பெரிய பயம் என்ன தெரியுமா? சிவப்புப் பொட்டு. பிரித்தானிய விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கும். ஜப்பான்காரனின் சின்னமோ முழுச் சிவப்பு. இந்தப் பக்கத்துப் போர்முனையில் சொந்தத் துவக்குக்காரனே பதற்றத்தில் சுட்டுவிடுவான் என்று அந்தச் சிவப்பை அழித்துவிட்டார்கள். சூரியன் மறையாத சாம்ராச்சியம், தன் ஆட்களுக்குப் பயந்து தன் பொட்டைத் தானே அழித்தது! தெரியாமல் யாராவது வவுனியாப் பிளேனுக்குச் சிவப்பு வைத்து ஒட்டினால், கண்காட்சியில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, சாவு வீட்டுக் குரலில் துக்கம் விசாரிப்பார்கள்.

சரி, இந்தக் கூத்தைத் தொடங்கியது யார்? பெரிய ஞானிகள் என்று நினைக்காதீர்கள். 1936இல் ஃப்ரொக் என்ற இங்கிலாந்துக் கம்பனி, பறக்காத பிளாஸ்டிக் பிளேன் கிட்டுகளை விற்கத் தொடங்கியது. பறக்காது என்பதை எப்படி விளம்பரப்படுத்துவது? 'பென்குயின்' என்று பெயர் வைத்தார்கள். பறக்காத பறவை! குறையையே பிராண்ட் ஆக்கின மார்க்கெட்டிங் மூளைக்குக் கும்பிடு போடலாம். அந்தப் பிளாஸ்டிக்தான் சதி செய்தது. காலப்போக்கில் செட்டை வளைந்து நெளிந்து, பென்குயினுக்கே வெட்கம் வருகிற மாதிரி ஆனது.

ஏர்ஃபிக்ஸின் கதை இன்னும் விசேஷம். ஹங்கேரியில் இருந்து வந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் லண்டனில் தொடங்கிய கம்பனி அது. முதலில் காற்று நிரப்புகிற ரப்பர் விளையாட்டுச் சாமான். பிறகு சீப்பு. ஆமாம், தலை இழுக்கிற சீப்பு! ஒரு காலத்தில் பிரித்தானியாவின் மிகப்பெரிய சீப்புக் கம்பனி அதுதான். லட்சக்கணக்கான பொடியளை விமானப் பைத்தியம் ஆக்கப்போகிற மனிதர், அவர்களின் தலைமுடியோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தார்.

1949இல் அவர்கள் செய்த முதல் மொடல் என்ன? ஸ்பிட்ஃபயர் என்று சொல்வீர்கள். இல்லை, ஃபேர்கசன் உழவு மெசின்! விற்பனைப் பிரதிநிதிகள் கையில் கொண்டுபோய்க் காட்ட ஃபேர்கசன் கம்பனி கேட்டது. பொருத்திக் கொடுத்து மாளவில்லை என்றதும், பாகங்களைப் பெட்டிக்குள் போட்டு, 'நீயே ஒட்டு' என்று சனத்தின் தலையில் கட்டினார்கள். உலகப் புகழ்பெற்ற ஏர்ஃபிக்ஸ் கிட் பிறந்தது இந்தச் சோம்பேறித்தனத்தில்தான். அந்த ஃபேர்கசன்தான் பிறகு மெசியோடு சேர்ந்து மெசி ஃபேர்கசன் ஆகி, வன்னி வயலெல்லாம் உழுதது. ஏர்ஃபிக்ஸின் முதல் மொடல் எங்களிடம் 1/1 அளவில் இருந்தது, கலப்பையோடு.

மொடல்களின் வரலாற்றில் எல்லோரும் நெஞ்சு நிமிர்த்துகிற இடம் ஒன்று உண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர மொடல் பிளேன்கள் கேட்டது. 50 வகை, வகைக்குப் பத்தாயிரம், எல்லாம் 1/72. எது எங்கள் பிளேன், எது எதிரியின் பிளேன் என்று துவக்குக்காரருக்குப் படிப்பிக்க. 35 அடி தூரத்தில் அந்த மொடலைப் பிடித்தால் அரை மைலில் நிற்கிற உண்மைப் பிளேன் போல இருக்கும். பிள்ளைகளும் மரத்தைச் சீவித் தள்ளினார்கள்.

போர்க்காலத்து வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு மரத்துண்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் 'சகடை' எது, 'கிபிர்' எது, 'ஹெலி' எது, 'வண்டு' எது என்று ஐந்து வயதுப் பொடியன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். காதுதான் கருவி. இன்றைக்கு வெளிநாட்டில் இருந்து 'இது சி2, இது சி7' என்று கிபிர் விமானத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள். கனகராயன்குளத்து நிபுணர்களுக்குத் தெரியவேண்டி இருந்தது ஒன்றே ஒன்று: பங்கருக்கு ஓட நேரம் இருக்கா, இல்லையா.

அந்தக் கிபிரின் சாதகத்தைப் பார்த்தீர்களானால் சிரிப்பு வரும். இஸ்ரேல் பிரான்ஸிடம் 50 மிராஜ் 5 விமானங்களுக்குக் காசு கட்டியது. 1967இல் போர் வந்ததும் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் 'தரமாட்டேன்' என்றார். பிளேனும் அங்கே, காசும் அங்கே! சுவிற்சர்லாந்தில் மிராஜ் எஞ்சினின் வரைபடங்களை எரிக்கிற பொறுப்பில் ஆல்ஃப்ரட் ஃப்ரௌவன்க்னெக்ட் என்றொரு எஞ்சினியர் இருந்தார். அவர் எரித்தது பழைய கடுதாசி. வரைபடங்கள் பெட்டி பெட்டியாக இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தன. 1971இல் அவருக்கு நாலரை வருடச் சிறை. கிட் கையில் வராவிட்டாலும், செய்முறைத் தாள் வந்துவிட்டது!

பிறகு இஸ்ரேல் செய்ததுதான் மொடல்காரர் 'கிட்பாஷ்' என்று சொல்கிற வேலை. ஒரு பெட்டியில் இருந்து உடம்பு, இன்னொரு பெட்டியில் இருந்து எஞ்சின். பிரெஞ்சு மிராஜ் உடம்புக்குள் அமெரிக்க ஃபான்டம் விமானத்தின் ஜே79 எஞ்சின். அது சூடு கூடின எஞ்சின், காற்றுப் பிடிக்க ஆங்காங்கே வெளியில் துளை. பிறகு மூக்குப் பக்கம் இரண்டு குட்டிச் செட்டை. இந்தக் கலவைச் சாமானை 1996இல் இலங்கை விமானப்படை வாங்கியது. சுவிஸில் எரிந்திருக்க வேண்டிய கடுதாசி, சுற்றிச் சுற்றி எங்கள் கூரைக்கு மேலால் போனது.

பெரியவர்கள் மொடலைப் பார்த்து ஏமாந்த கதையும் உண்டு. 1986இல் டெஸ்டர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 'எஃப்-19 ஸ்டெல்த்' என்று ஒரு கிட் விட்டது. அரசாங்கம் 'அப்படி ஒரு பிளேனே இல்லை' என்று சாதித்துக்கொண்டிருந்த நேரம். வடிவமைப்பாளர் ஜோன் அன்ட்ரூஸ் ஊகித்து, வழுவழு என்று, திருக்கை மீன் மாதிரி ஒன்றைச் செய்தார். கிட் பிய்த்துக்கொண்டு விற்றது. அரச ரகசியம் எப்படி விளையாட்டுக் கடைக்குப் போனது என்று கொங்கிரஸ் விசாரணையிலேயே தூக்கிக் காட்டினார்கள். 1988 நவம்பரில் பென்டகன் உண்மையான எஃப்-117இன் படத்தை வெளியிட்டது. முழுக்க மூலையும் முடக்கும், சப்பையான தகடுகளும்! கிட்டுக்கும் பிளேனுக்கும் ஒற்றுமை, இரண்டும் கறுப்பு என்பது மட்டும்.

இனி ஆஃப்டர்மார்க்கெட் என்கிற நோய்க்கு வருவோம். கிட்டில் வருகிற பாகம் போதாது என்று, தனியாக றெசின் கொக்பிட், றெசின் சில்லு, பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த சீட் பெல்ட் என்று வாங்கிச் சேர்ப்பது. சீட் பெல்ட்டின் கொளுக்கி ஒன்று நுளம்பின் கால் அளவு. குறட்டில் இருந்து தெறித்தால் முழங்காலில் நின்று கார்ப்பெட்டில் தேடவேண்டும். கிட்டின் விலையை விட இந்தச் சில்லறைச் சாமான்களின் விலை கூடிவிடும். எல்லாம் ஒட்டி, பெயின்ற் அடித்து, கடைசியில் உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடுவார்கள். உள்ளே போட்டது ஒன்றும் வெளியே தெரியாது! 'அது இருக்கென்று எனக்குத் தெரியும்' என்பார்கள். கடவுள் நம்பிக்கைக்குக்கூட இவ்வளவு உறுதி காணாது.

இந்தப் பித்தளைச் சாமான்களின் பேரரசு செக் நாட்டின் எடுவார்ட் கம்பனி. 1989இல் தொடங்கியது. அடுத்தவன் கிட்டில் ஆணி குறைந்தால் ஆணி விற்பார்கள். 2014இல் தாங்களே ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி கிட் விட்டார்கள். நுணுக்கம் என்றால் அப்படி ஒரு நுணுக்கம். ரிவெட் எண்ணுகிறவர்கள் ஸ்கேலை எடுத்து அளந்தார்கள். 1/48 என்று போட்டிருந்த பிளேன் அந்த அளவை விடப் பெரிது! கொளுக்கி எல்லாம் சரி, பிளேன்தான் பிழை. 2016இல் அச்சையே புதிதாகச் செய்து திரும்ப விட்டார்கள். பிழையை ஒப்புக்கொண்டு திருத்தின கம்பனி என்பதற்கு ஒரு கைதட்டு கொடுக்கலாம்.

செக் நாட்டில் இருந்து வன்னிக்கு வந்த சாமான் வேறு. ஸ்லின் 143. நாலு பேர் இருக்கிற, பறப்புக் கழகங்களில் ஓடுகிற பயிற்சிப் பிளேன். அதைப் புலிகள் பாகம் பாகமாகக் கடத்தி வந்து பொருத்தியதாகத்தான் சொல்லப்படுகிறது. அடியில் குண்டு தாங்கி, சொந்தக் கைவேலை. 2007 மார்ச் 26 இரவு அது கட்டுநாயக்காவில் குண்டு போட்டது. மூன்று விமானப்படையினர் இறந்தார்கள். அடுத்த மாதம் உலகக் கிண்ண கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்த இரவில் திரும்ப வந்தது. கொழும்பில் கரண்டை நிறுத்தினார்கள், ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த சனம் இருட்டுக்குள் இருந்தது, வானம் முழுக்க வாணவேடிக்கை மாதிரி வெடி.

இந்தப் பக்கம் அதை மாபெரும் வான்படை என்று கொண்டாடினார்கள். அந்தப் பக்கம், மணிக்கு 250 கிலோமீட்டர் ஓட மூச்சு வாங்குகிற அதைப் பிடிக்க, ஒலியை விட இரண்டு மடங்கு வேகத்தில் போகிற எஃப்-7ஜி ஜெட்டுகளைச் சீனாவிடம் வாங்கினார்கள். பிளேனைச் சரியான அளவில் பார்த்தவர் இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லை.

ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளை அழகாக்கியது ரோய் க்ரொஸ் என்ற ஓவியர். எரிகிற எதிரி, வெடிக்கிற குண்டு, புகை எல்லாம் தத்ரூபம். 1980களில் கம்பனி கை மாறியபோது, பிள்ளைகளின் மனம் கெட்டுவிடும் என்று அந்தப் படங்களில் இருந்த வெடிப்பையும் நெருப்பையும் அழித்தார்கள். குண்டுபோடுகிற பிளேன், குண்டு இல்லாமல், நீல வானத்தில் உலாப் போனது. அப்படி நெருப்பை அழிக்கிற ஒருவரை எங்கள் பக்கமும் அனுப்பியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்தப் பொழுதுபோக்கில் 'வெதரிங்' என்று ஒரு படி உண்டு. புதுப் பிளேனைப் பழசாக்குவது. அதற்குத் தூசி விற்கிறார்கள், ஐயா! சின்னப் போத்தலில், மாவு மாதிரி, செம்மண் நிறம், பாலைவன நிறம் என்று விதம் விதமாக, டொலர் கணக்கில். ஏ9 வீதியைத் திருத்த முந்தி கனகராயன்குளத்தால் ஒரு லொறி போனால், பஸ்ஸுக்கு நின்ற ஆள் இலவசமாக வெதரிங் ஆகிவிடுவார். வவுனியாப் பியூஃபோர்ட்டின் சில்லில் பூச அசல் கிரவல் தூசி இங்கே வேண்டிய மட்டும் உண்டு. ரொறன்ரோவில் இருந்து பிளேன் ஒட்டுகிற மாமாமார் லீவுக்கு வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கனடாவுக்குள் வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் கொண்டுபோகத் தடை. மிளகாய்த்தூள் என்று சொல்லிப் பார்க்கவேண்டாம், மோப்ப நாய் வைத்திருக்கிறார்கள்.