முப்பத்திரண்டு பல் ஆயா

எங்கள் ஆயாவுக்குக் கடைசிப் பத்து வருஷமாக இரண்டே பல். ஒன்று வெற்றிலைக்கு, இன்னொன்று மருமகள்களுக்கு. அப்படிப்பட்டவள் செத்துப்போன மறுநாள், குயிலாப்பாளையம் மெயின்ரோட்டில், வாடகை ஸ்கூட்டர் கடைக்குப் பக்கத்து பேனரில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் என் அக்கா மகன் பார்த்த வேலை. ஆயாவுக்கு இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டையில் இருப்பதுதான். அதில் கேமராக்காரனை அடிக்க எழுந்திருப்பவள் போல இருப்பாள். பையன் அதை ஏஐ-யிடம் கொடுத்து, "கொஞ்சம் நல்லா பண்ணு" என்றிருக்கிறான். அது தாராளமாகப் பண்ணிவிட்டது. கண்ணீர் அஞ்சலி வாசகமும் அதன் கைங்கரியமே. பத்து விநாடியில் 'பொறுமையின் சிகரமே, இன்சொல்லின் இருப்பிடமே' என்று கொட்டிவிட்டது.

எதிர்வீட்டுப் பெரியம்மா பேனரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது யாரு வூட்டு ஆயாடா?" என்று என்னையே கேட்டது.

இன்சொல்லாம்! ஆயா திண்ணையில் இருந்தால் தெருநாய்கூடச் சுற்றுவழியில்தான் போகும். ஆரோவில்லுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் மட்டும் பயப்பட மாட்டார்கள். அவள் வைவதை ஆசீர்வாதம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கட்டுரை எழுதுகிறவன் வீட்டிலேயே இருக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தம். "நீங்க எழுதினா கருமாதி முடிஞ்சி வருஷத் திதியே வந்துடும் மாமா" என்றான். நியாயம்தான். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இதுவரை நான் எழுதிய மூன்று அஞ்சலிக் கட்டுரைகளிலும் 'சிகரம்' இருக்கிறது.

கருமாதிக்கு முந்தின ராத்திரி கூத்து. எங்கள் பக்கமெல்லாம் கருமாதிக்கு 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். சாயங்காலமே ஜமா வந்து இறங்கிவிட்டது. கூத்தை நடத்திக்கொண்டே கேலியும் பேசும் கட்டியங்காரன் வேஷக்காரர் கையளவு கண்ணாடியைப் பிடித்து அரிதாரம் பூசிக்கொண்டே, "செத்த அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று விசாரித்தார். பையன் பேனர் வாசகத்தைச் செல்போனில் படித்துக் காட்டினான்.

பாதி முகம் மட்டும் பூசியிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இது எல்லா ஆயாவுக்கும் ஆவுற ஜாக்கெட்டு தம்பி. அளவு எடுக்காம தெச்சது. அந்தம்மா வைஞ்ச வசவு ஒண்ணு சொல்லு."

அவ்வளவுதான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு வசவோடு வந்துவிட்டார்கள். அச்சில் ஏற்ற முடியாத ஒரு மணி நேரம் அது. பக்கத்துப் புதுச்சேரியில் பட்டம் எதுவும் வாங்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணனை 1989-இல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்காரவைத்தார்கள். அவர் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளும் இப்படி வாய்க்கு வாய் கேட்டு வாங்கியவைதான்.

வசவெல்லாம் தீர்ந்த பிறகு, சித்திதான் ஆயாவின் கால் நகத்தைப் பற்றிச் சொன்னாள்.

1968 பிப்ரவரி 28-இல், 124 நாட்டு மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். ஆயா சொல்லும் வரலாறு வேறு மாதிரி இருக்கும். "ஊர் ஒலகத்து மண்ணையெல்லாம் கொண்டாந்து சட்டியில போட்டாங்க. எங்க மண்ணு மட்டும் மழைக்கு மழை கடலுக்குப் போயிக்கினு இருந்துச்சி." பொய்யில்லை. அப்போது இந்த இடமெல்லாம் மரமில்லாத செம்மண் மேடு. மழைத்தண்ணீர் நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடினால் கரையோரக் கடல் சிவந்துவிடும். அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தத்தான் வரப்பு போட்டார்கள், குழி வெட்டினார்கள், கன்று நட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு சுற்றுப்பட்ட கிராமத்து ஆட்களும் கூலிக்குப் போனார்கள். ஆயாவும் போனாள்.

கோடையில் அந்த மண்ணில் கடப்பாரையைப் போட்டால் உள்ளே இறங்காது, எகிறும். ஒருநாள் எகிறிய கடப்பாரை அவள் வலது கால் கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோய்விட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, குழியை முடித்துவிட்டுத்தான் கரையேறினாளாம். பிறகு முளைத்த நகம் முந்திரிக்கொட்டை மாதிரி வளைந்தே நின்றுவிட்டது. சின்ன வயதில் ஆயாவின் கால்மாட்டில் படுத்து, அந்த நகத்தை நெருடிக்கொண்டேதான் நான் தூங்குவேன்.

பத்து மணிக்கு மத்தளம் அடித்தார்கள். கர்ணன் சாகப்போகிறான் என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏஐ-யைக் கேட்டால் பதினெட்டுப் பருவத்தையும் ஒப்பிக்கும். இருந்தும் கோரைப்பாயை விரித்துக்கொண்டு இருநூறு பேர் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். கர்ணனை அவன் பெண்டாட்டி பொன்னுருவி குலம் சொல்லி ஏசுகிற இடத்தில் கட்டியங்காரன் குறுக்கே பாய்ந்தார். "அம்மா, இந்த வசவெல்லாம் பத்தாது. குயிலாப்பாளையத்துல ஒரு ஆயா இருந்தாங்க, அவங்ககிட்ட டியூசன் போய்ட்டு வா!" கூட்டம் விழுந்து புரண்டது.

மூன்று மணியிருக்கும். கண்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தைத் தானம் கேட்கும் கட்டம். கட்டியங்காரன் மெதுவாக ஆரம்பித்தார். "கர்ணன் கவசத்தை அறுத்துக் குடுத்தான். எங்க ஆயா நகத்தைக் குடுத்தா. அவன் சிரிச்சிக்கினே குடுத்தான். எங்க ஆயா ஊரையே வைஞ்சிக்கினு குடுத்தா. வைஞ்சிக்கினு வெச்ச மரமா இருந்தா என்ன, அடியில போயி உக்காந்து பாரு."

சிரித்துக்கொண்டிருந்த சித்தி அப்படியே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

பையன் என் தோளை இடித்தான். "மாமா, நகம் விஷயத்தை முன்னாடியே சொல்லியிருந்தா அதையும் போட்டு எழுதச் சொல்லியிருப்பேனே."

எழுதியும் இருக்கும். பாவம், ஏஐ-யைக் குறை சொல்லி என்ன பண்ண? ஆயாவின் காலைப் பார்த்தவன் நான். பார்த்தவன் வாய் திறக்கவில்லை. பார்க்காதது சிகரம் என்று எழுதிவிட்டது. எங்கிருந்தோ வந்த கட்டியங்காரன் மட்டும்தான் உட்கார்ந்து கேட்டார்.

விடிந்ததும் படையல் போட்டோம். காக்கா வரவில்லை. "கா, கா" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். "பேனரைப் பார்த்துட்டு வேற வூடுன்னு போயிடுச்சோ" என்றது பெரியம்மா.

கடைசியில் ஒரு காக்கா வந்தது. சோற்றுப் பக்கம் போகாமல் நேராகப் பேனர் சட்டத்தில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அந்த முப்பத்திரண்டு பல்லின் மேல் எச்சமிட்டுவிட்டு, இறங்கிவந்து சோற்றைக் கொத்தியது.

பெரியம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டது. "ஆயாவேதான்டா!"