மீசை வைத்த தோழி: கூரம் தரப்பின் ஆய்வுரை

கூரம் செப்பேட்டை அறியாத ஆய்வாளர் இலர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் தந்த அந்தக் கொடையில், ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாரதம் வாசித்த ஊரில் பிற்பாடு பாரதக் கூத்து வரும். கூத்து வந்தால் பெண் வேடம் வரும். பெண் வேடம் வந்தால் மீசைச் சிக்கல் வரும். ஆகவே ‘குயின்’ என்னும் இங்கிலாந்து ராக் குழு 1984 ஏப்ரலில் வெளியிட்ட ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாட்டின் வீடியோவை ஆராயும் முதல் உரிமை கூரத்தாருக்கே உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

டேவிட் மாலெட் இயக்கிய அந்த வீடியோவில் குழுவினர் நால்வருக்கும் பெண் வேடம். டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர் பள்ளி மாணவி. பாட்டை எழுதிய ஜான் டீக்கன் பாட்டி. கிட்டார் பிரையன் மே தலையில் சுருட்டிகளோடு நைட்டியில் வருகிறார் (காலையில் பால் பாக்கெட் வாங்க நம் தெருவே அணிந்து வரும் நைட்டிதான், இதில் என்ன நகைச்சுவை என்பது தனி ஆய்வுக்குரியது). பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியோ குட்டைப் பாவாடை கட்டி, வாக்யூம் கிளீனரைத் தள்ளுகிறார். மீசை அப்படியே இருக்கிறது.

எடுக்க மறந்தார் எனின், அன்று. அதே வீடியோவின் இடைப்பகுதியில் ராயல் பாலே நடனக்காரர்களோடு, பாலே கலைஞர் நிஜின்ஸ்கியின் பாணியில் ஆட்டுக்கால் தேவனாக ஆடுவதற்காக மீசையை மழித்திருக்கிறார். ஆட்டுக்கால் தேவனுக்கு மீசை கூடாது, வீட்டுப் பெண்ணுக்குக் கூடும் என்பது அவர் கொள்கை.

மெர்க்குரி சிறுவயதில் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் படித்தவர். அங்கேயே ‘ஹெக்டிக்ஸ்’ என்று ஒரு குழுவில் பியானோ வாசித்தவர். இதைப் பிடித்துக்கொண்டு, பெண் வேடத்தில் புகழ்பெற்ற மராத்தி நடிகர் பாலகந்தர்வரே மூலம் என்று புனா தரப்பார் வாதிடக்கூடும். பாலகந்தர்வர் ஏற்றதோ கதாநாயகி வேடம். அதில் மீசைக்கு ஏது இடம்? வழக்கு தள்ளுபடி. பஞ்ச்கனி மாணவர் நம் பக்கத்துக் கூத்தைப் பார்த்தார் என்பதற்குச் சான்று இல்லையே எனின், பார்க்கவில்லை என்பதற்கும் இல்லை. முனைவர் பட்டங்கள் இதைவிடக் குறைவான ஆதாரத்தில் நிற்கின்றன.

இனி முடிபு. கூத்தில் திரௌபதியாக வருபவர் மழமழவென்று சிரைத்துவிட்டுத்தான் அரிதாரம் பூசுவார். துகிலுரிதல் இரவில் அவர் ஆண் என்பதை அறிந்த கூட்டமே கற்பூரம் ஏற்றிக் கும்பிடும்; ஒருவரும் சிரியார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சங்கதி வேறு. இந்த நிமிடம் வாயிற்காவலன், அடுத்த நிமிடம் தோழி. உடையையே மாற்றாதவன் மீசையையா மாற்றுவான்? மெர்க்குரி ஏற்றது திரௌபதி வேடம் அன்று, கட்டியங்காரனின் தோழி வேடம். இங்கிலாந்தார், தம் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடருக்கான நையாண்டி என்று பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் கட்டியங்காரனைத் திரௌபதியாக எண்ணித் திகைத்தார்கள். எம்டிவி ஒதுங்கிக்கொண்டது, பாட்டு 45ஆம் இடத்தோடு நின்றது.

பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்பும் கிட்டார் அன்று, ஃப்ரெட் மேண்டலின் சிந்தசைசர். அது கூத்தில் ஊதும் முகவீணையின் வழித்தோன்றல் என்பதை அடுத்த கட்டுரையில் நிறுவுவோம்; மறுப்புரைகளை அதுவரை நிறுத்திவைக்கலாம்.