மூன்று பொத்தான்களும் ஓர் ஏணியும்

90-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கராஜுக்கு மரக் கதவு. இன்டியானாக்காரர் சி. ஜி. ஜான்சன் 1926-லேயே கதவை மோட்டார் வைத்துத் தூக்கிக் காட்டிவிட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஜனவரியில் உறைபனி கதவின் அடிவிளிம்பைத் தரையோடு ஒட்டி வைத்திருக்கும். காரைவிட்டு இறங்கி, 'முருகா' என்று ஒரு தூக்கு தூக்குவேன். பெரும்பகுதி பாரத்தை ஸ்பிரிங் ஏற்றுக்கொள்ளும், மிச்சத்தை முருகனும் நானும் பங்கு போட்டுக்கொள்வோம். எல்லாம் சேர்த்து ஒரு நிமிட வேலை. அதைத்தான் ஊருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் பெரிய கஷ்டமாக எழுதினேன்.

சொந்த வீடு வாங்கியபோது மோட்டாரும் வீட்டோடு வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ரிமோட், காரின் சன்வைசரில் செருகிக்கொள்ள ஒரு கிளிப். பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே அரிசி மணி அளவில் ஒரு வரிசை சுவிட்சுகள். மோட்டாரிலும் அதே மாதிரி ஒரு வரிசை. இரண்டிலும் மேல் கீழ் அடுக்கு ஒத்துப்போனால் கதவு திறக்கும், அவ்வளவுதான் பாதுகாப்பு. பன்னிரண்டு சுவிட்சு வைத்த உயர்ந்த ரகத்திலேயே மொத்தம் 4096 அடுக்குதான் சாத்தியம். 2015-ல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் ஒரு பொம்மையைத் திருத்தி, இந்த ரகக் கதவுகளைப் பத்து வினாடிக்குள் திறந்து காட்டினார்.

எங்கள் தெருவில் அதற்குப் பொம்மைகூடத் தேவைப்படவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் ஏரியில் மீன்பிடித்துத் திரும்பும்போதெல்லாம் எங்கள் கராஜ் தானாகத் திறக்கும். "எதிர்வீட்டுத் தாத்தா வந்துட்டார்" என்பாள் மனைவி, அடுப்பங்கரையிலிருந்தே. கடைசியில் ஒருநாள் அவரே கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போதெல்லாம் அவர் கராஜும் திறந்துகொண்டிருந்திருக்கிறது. காபி குடித்தபடி பேசி, ஆளுக்கொரு பக்கமாகச் சுவிட்சைத் தள்ளி அடுக்கை மாற்றிக்கொண்டோம். அதன்பின் பார்த்தால் கையசைப்பதோடு சரி. அவர் மீனோடு வருகிறாரா வெறுங்கையோடு வருகிறாரா என்பது தெரியாமல் போயிற்று.

90-களின் பிற்பாதியில், ஒவ்வோர் அழுத்தலுக்கும் குறியீட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் முறை பரவியது. கூடவே ரிமோட் காருக்குள்ளேயே குடியேறியது. ஹோம்லிங்க் என்று பெயர். எங்கள் மிஷிகனில், ஹாலந்து என்ற ஊரில் பிறந்த சரக்கு, இன்று அதே மாநிலத்து ஜென்டெக்ஸ் கம்பெனியின் கையில். சன்வைசரிலோ கண்ணாடியிலோ மூன்று பொத்தான். மூன்று கராஜ் உள்ளவனையும் ஒரு கராஜ் உள்ளவனையும் அது ஒன்றாகவே மதிக்கிறது. எங்கள் புதுக் காரின் சாவியைக் கொடுக்கும்போது விற்பனைக்காரர், "இனி அழுத்தினால் போதும்" என்றார்.

அழுத்துவதற்கு முன்னால் செய்யவேண்டியதை அவர் சொல்லவில்லை. ஓரத்துப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பழைய நினைவை அழிக்கவேண்டும். பிறகு கை ரிமோட்டைக் காரின் பொத்தானுக்கு ஓரிரு அங்குலத்தில் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். விளக்கு மெதுவாக மினுக்கும், பிறகு வேகமாக மினுக்கும். அப்போதுதான் பாதிக் கிணறு. அடுத்து ஏணி போட்டு ஏறி, உத்தரத்தில் தொங்கும் புது ரக மோட்டாரின் முதுகில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்திய நொடியிலிருந்து முப்பது வினாடி அவகாசம். அதற்குள் ஏணியிலிருந்து இறங்கி, கார் கதவைத் திறந்து, உட்கார்ந்து, சரியான பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஐம்பதைத் தாண்டிய மூட்டுகளுக்கு இது நியாயமான கெடு அல்ல. எனவே மனைவியைக் காரில் உட்காரவைத்துவிட்டு நான் ஏணியில் ஏறினேன்.

"ஏங்க, மினுக்குது!"

"வேகமாவா, மெதுவாவா?"

"மினுக்குதுங்கறேன். வேகமா மெதுவான்னு எதோட வச்சுச் சொல்றது?"

இந்த உரையாடல் முடிவதற்குள் முப்பது வினாடி முடிந்துவிடும். நடுவில் பையனை நிறுத்தி, என் வார்த்தையை அவன் அம்மாவிடமும் அம்மாவின் வார்த்தையை என்னிடமும் கடத்தியபோதுதான் காரியம் ஜெயமானது. கதவு எழுந்தது. மூவரும் கைதட்டினோம்.

கார் மட்டும் உள்ளே போகவில்லை. போக இடமில்லை. இருபது ராத்தல் அரிசி மூட்டைகள், கொலுப்படிகள், பொம்மைப் பெட்டிகள், யாரும் ஓடாத டிரெட்மில், மீன் வறுக்கவென்றே மனைவி போட்டிருக்கும் இரண்டாம் அடுப்பு. இவை போக மீந்த இடத்தில் செருப்புகள். இங்குள்ள தமிழர் வீட்டில் வாசற்கதவில் மாவிலைத் தோரணம் தொங்கும், விருந்தாளிகள் கராஜ் வழியாகத்தான் வருவார்கள். ஆக, காரில் உட்கார்ந்தபடி நாங்கள் திறந்துகொண்டிருந்தது செருப்பு விடும் இடத்தை. கார் பனியில் நனைந்துகொண்டு வெளியே நிற்கும். 1993 முதல் தயாரிக்கப்படும் மோட்டார்களில் குழந்தைகள் நசுங்காமலிருக்க, தரையையொட்டி இரண்டு பக்கமும் ஒளிக்கண்ணோ அதுபோன்ற தடுப்போ வைத்தாகவேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அரிசி மூட்டையின் காது அந்த ஒளிக்கு நடுவில் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தாலும் கதவு பாதியில் மனம் மாறி மேலே போய்விடும். மூடவில்லை என்பதைத் தெருமுனை தாண்டியபிறகு செல்போன் ஆப் சொல்லும்.

ஆப் இன்னும் பலதும் சொல்கிறது. மதுரையில் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மிஷிகனில் கதவு திறந்தது என்று எழுப்பிச் சொல்கிறது. கடவுச்சொல்லைப் புதுப்பி என்கிறது. கார்த் திரையிலிருந்து கதவைத் திறக்கும் சில வசதிகளுக்கு இப்போது சந்தா கேட்கிறார்கள். முருகன் கடைசிவரை சந்தா கேட்டதில்லை.

பையன் இப்போது பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். நடுப் பொத்தானில் முன்னாள் சொந்தக்காரரின் கதவு இன்னும் பதிந்திருக்கிறது. போகிற தெருவிலெல்லாம் அழுத்திப் பார்க்கிறான்.

"எவன் வீட்டுக் கதவையாவது திறந்துவச்சுடாதே, அழிச்சுத் தொலை" என்கிறாள் அவன் அம்மா.

அந்தக் காரில் அழித்தால் மூன்றும் சேர்ந்தேதான் அழியும், முதல் பொத்தானில் அவன் பதிந்துவைத்த எங்கள் கதவும் போய்விடும். ஏணியை நான் எதிர்வீட்டுக்கு இரவல் கொடுத்திருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.